அஞ்சு கேஜி போதுமுங்க

கோவையில் செட்டிபாளையம் சாலைப் பக்கம் இருக்கும் ஒரு பட்டறைக்கு நான் போனபோது, ஒரு மாருதி எஸ்டீம் எஞ்சினின் ஆயில் பம்பைப் பிரித்து மண்ணெண்ணெய்த் தட்டில் போட்டிருந்தார்கள். பந்தயத்துக்கு ஓடுகிற 1298 சிசி எஞ்சின். வண்டிக்காரர் சொல்லிவிட்டுப் போனது, “ஆயில் பிரஷரை ஏத்திக் கொடுங்க” என்று. பட்டறைக்காரர் ஏற்றித் தர மறுத்துவிட்டு, அதே பம்பில் வேறொரு வேலையில் இறங்கியிருந்தார். அங்கே எல்லோரும் அவரை அண்ணன் என்கிறார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

எஸ்டீமில் ஆயில் பம்ப் கிராங்க் ஷாஃப்ட்டின் முன்முனையிலேயே உட்கார்ந்திருக்கிறது. கிராங்க் ஒரு சுற்று சுற்றினால் பம்பும் ஒரு சுற்று. நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றில் எஞ்சின் சும்மா நிற்கும்போது தள்ளுவதைப்போல் ஏழாயிரத்தில் ஏறத்தாழ ஏழு மடங்கு எண்ணெயைத் தள்ளும். பேரிங்குகளால் அவ்வளவையும் வாங்கிக்கொள்ள முடியாது. மிஞ்சியதைத் திருப்பிவிடத்தான் பம்பின் உடம்பில் ஒரு சின்னத் துளை, துளைக்குள் ஒரு பிளஞ்சர், அதன் முதுகில் ஒரு ஸ்பிரிங். அழுத்தம் அளவு மீறும்போது பிளஞ்சர் பின்னுக்குப் போய்ப் பக்கத்திலிருக்கும் சன்னலைத் திறக்கும். எண்ணெய் அந்த வழியாக வெளியேறிவிடும். ரிலீஃப் வால்வு என்பது இவ்வளவுதான். ஆனால் லட்சக்கணக்கில் செலவழித்துக் கட்டிய எஞ்சினின் ஆயுள் இதை நம்பித்தான் இருக்கிறது.

கிராங்குக்கும் பேரிங்குக்கும் நடுவே இருக்கும் இடைவெளி 0.02 முதல் 0.05 மி.மீ. வரைதான். அதில் எண்ணெய்ப் படலம் நிற்கும்வரை உலோகத்தோடு உலோகம் உரசாது. படலம் அறுந்தால் பேரிங் பிடித்துக்கொள்ளும். டேஷ்போர்டில் இருக்கும் சிவப்பு விளக்கை நம்பிப் பந்தயம் ஓட்ட முடியாது. அழுத்தம் அரை கேஜிக்கும் கீழே விழுந்த பிறகுதான் பொதுவாக அது எரியும். அதற்குள் பேரிங் போயிருக்கும். (சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ என்பதைத்தான் பட்டறையில் ஒரு கேஜி என்கிறார்கள். பிஎஸ்ஐ கணக்கில் 14.2.)

பிரஷரை ஏற்ற ஊரறிந்த குறுக்குவழி ஒன்று உண்டு. ஸ்பிரிங்குக்குப் பின்னால் ஒரு வாஷரைத் திணித்தால் போதும். “மீட்டர் முள்ளு ஏறுமுங்க சார், பார்க்கறவருக்குச் சந்தோசம்தான்” என்றார் அண்ணன். “ஆனா முள்ளு காட்டறது எண்ணெய்க்கு எதுக்க நிக்கற தடையைங்க. பேரிங்குக்கு எத்தனை எண்ணெய் போச்சுன்னு அது சொல்லாதுங்க.” எண்ணெய் கெட்டியாக இருந்தாலும் முள் ஏறும், வழி அடைத்திருந்தாலும் ஏறும். தேவைக்கு மேல் ஏற்றிய ஒவ்வொரு கேஜிக்கும் எஞ்சின் தன் பலத்தில் கொஞ்சத்தைப் பம்புக்குக் கொடுக்க வேண்டும். அந்தப் பலம் எண்ணெயில் சூடாக இறங்கும், சூடான எண்ணெய் இளகும். குளிர்ந்த எஞ்சினை எழுப்பி உடனே முறுக்கினால் ஃபில்டரின் ரப்பர் வளையம் பிய்ந்துகொண்டு போவதும் உண்டு. பம்பின் கியருக்கும் சுமை கூடும். 1989இல் வந்த நிஸ்ஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆரின் ஆர்பி26 எஞ்சினை இதற்குச் சாட்சியாகச் சொல்லலாம். அதன் ஆரம்பகால கிராங்கில் பம்ப் கியரைப் பிடித்துச் சுற்றும் பகுதி குட்டை. அதிக சுற்றில் அதிர்வு தாங்காமல் கியர் உடைந்த கதைகளை உலகம் முழுக்க அந்த எஞ்சினைக் கட்டுகிறவர்கள் சொல்வார்கள். அப்படிப்பட்ட கியரின் மேல் இன்னும் சுமை ஏற்றுவது தகாத வேலை.

ஆயிரம் சுற்றுக்குப் பத்து பிஎஸ்ஐ என்பது பந்தயக்காரர்களின் பழைய கணக்கு. ஏழாயிரத்துக்கு எழுபது, அதாவது ஐந்து கேஜிக்குச் சற்றுக் குறைவு. அண்ணன் அந்தக் கணக்கில்தான் நிற்கிறார்.

அப்படியென்றால் அவர் செய்துகொண்டிருந்த வேலை என்ன? பம்பின் உடம்பு அலுமினியம், பிளஞ்சர் எஃகு. ஓடிய பம்பின் துளைக்குள் டார்ச் அடித்துக் காட்டினார். நெடுக்கில் மூன்று நான்கு கீறல்கள். எண்ணெயோடு வந்த உலோகத்தூள் பிளஞ்சரோடு இழுபட்டதால் வந்தவை. பிளஞ்சர் அங்கே ஒரு கணம் சிக்கி, பிறகு சட்டென்று விடும். மீட்டரில் முள் நடுங்குவது அதனால்தான். மெல்லிய மரக்குச்சியில் நைஸ் எமரித் தாளைச் சுற்றி, எண்ணெயில் தோய்த்து, துளைக்குள் விட்டுத் திருகினார். லேப்பிங் பேஸ்ட் போட்டால் சீக்கிரம் ஆகாதா என்று கேட்டேன். “அலுமினியத்துல பேஸ்ட்டு கூடவே கூடாதுங்க. அந்தப் பொடி போய்ப் பதிஞ்சுக்கும். அப்பறம் அதே பிளஞ்சரைத் தின்னும்.” நாலு திருகு, ஒரு கழுவல், பனியன் வேஸ்ட்டால் ஒரு துடைப்பு, மறுபடி டார்ச். பிறகு பிளஞ்சரில் எண்ணெய் தடவி, பம்பை நிமிர்த்திப் பிடித்து விட்டார். தன் எடையிலேயே ஒரே சீராக உள்ளே இறங்கியது. கீறலைப் போக்கும் ஆவலில் துளையைப் பெரிதாக்கிவிட்டால் ஓரத்தில் எண்ணெய் கசியும், பம்பையே தூக்கிப்போட வேண்டியதுதான். ஆகவே எங்கே நிறுத்துவது என்பதுதான் இதில் வித்தை.

சன்னல் வேலை இன்னும் நுணுக்கம். அதிக சுற்றில் பம்ப் தள்ளும் எண்ணெய்க்குச் சன்னல் சிறிதாக இருந்தால், வால்வு முழுக்கத் திறந்தும் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். சன்னலை அகலத்தில் கொஞ்சம் கூட்டலாம். பிளஞ்சர் முதலில் வந்து திறக்கும் விளிம்பை மட்டும் அரம் தொடக்கூடாது. தொட்டால் வால்வு முன்னதாகவே திறந்துவிடும்.

ஸ்பிரிங்கைத் தம்பி ஒருவன் சோதித்தான். டிரில்லிங் மெஷினின் மேடையில் எடை மெஷின், அதன் மேல் ஸ்பிரிங். மேலிருந்து அமுக்கி, வெர்னியரில் உயரம் பார்த்து எடையைக் குறித்தான். 12 மி.மீ. பிளஞ்சர் என்று வைத்துக்கொண்டால் முகப்பரப்பு 1.13 சதுர சென்டிமீட்டர். ஐந்து கேஜியில் திறக்க வேண்டுமென்றால், திறக்கும் நீளத்தில் ஸ்பிரிங் 5.65 கிலோவுக்கு எதிர்த்து நிற்க வேண்டும். “கண்ணு, ரெண்டு தடவை அமுக்கிப் பாரு” என்றார் அண்ணன். பாலிடெக்னிக் முடித்த பையன். இந்தக் கணக்கை அவன் புத்தகத்தில் போட்டிருப்பான், கைக்கு வந்தது இங்கேதான்.

பூட்டிய பம்பை ஒரு மோட்டாரில் கோத்து, சூடாக்கிய எண்ணெயில் ஓட்டிப் பார்த்தார்கள். பம்புக்கும் மோட்டாருக்கும் பேர்போன ஊரில் இதற்கான சாமான் கிடைப்பது கடினமில்லை. வேகம் ஏற ஏற முள் ஏறி, 4.9இல் நின்றது. வேகத்தை இன்னும் கூட்டியபோதும் அங்கேயே நின்றது, நடுங்கவில்லை. அந்த முள்ளைப் பார்த்து எனக்கு உண்டான மகிழ்ச்சியை மறைக்க மாட்டேன்.

கோவையின் கார்ப் பந்தயம் என்றால் கரிவர்தன் பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1988இல் மாருதி 800இன் 796 சிசி எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் காரை உருவாக்கினார். 1995இல் விமான விபத்தில் இறந்தார். 2003இல் திறந்த செட்டிபாளையம் பந்தயக் களம் அவர் பெயரைத் தாங்குகிறது. குறைந்த செலவில் பந்தயம் என்ற அவருடைய எண்ணம் ஓட்டுநர்களை மட்டும் உருவாக்கவில்லை. இருப்பதைக் கொண்டு நுணுக்கமாக வேலை செய்யும் மெக்கானிக்குகளுக்கும் இந்த ஊரில் அது இடம் தந்தது. கார்களின் மேல் ஓட்டுநர் பெயர் இருக்கிறது, விளம்பரதாரர் பெயர் இருக்கிறது. எஞ்சின் கட்டியவர் பெயரும் இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

புதிய ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகன் டர்போ எஞ்சின்கள் சிலவற்றில் அழுத்தத்தை இரண்டு நிலைகளில் கம்ப்யூட்டரே மாற்றுகிறது. தம்பி அதற்கு லேப்டாப் பழகிவருகிறான். சோலனாய்டு வால்வைத் திறந்து மூடுவது கம்ப்யூட்டர் என்றாலும், அங்கேயும் ஒரு துளைக்குள் ஏதோ ஒன்று சிக்காமல் நகர்ந்தாக வேண்டும்.

மாலையில் வண்டிக்காரர் வந்தார். சோதனைத் தாளைப் பார்த்து முகம் சுருங்கினார்.

“ஆறரையாவது வரும்னு நெனச்சேனுங்க.”

“அஞ்சு கேஜி போதுமுங்க. உங்க வண்டியில பிரஷர் விழுந்தது நீளமான திருப்பத்துலதானுங்களே? எண்ணெய் ஒரு பக்கமா ஒதுங்கி, பம்பு காத்தை உறிஞ்சியிருக்கு. அதுக்கு வால்வு என்னங்க பண்ணும்? எண்ணெய் தேங்கற சம்ப்பைக் கழட்டி உள்ள தடுப்புத் தகடு வெக்கோணும்.”

வண்டிக்காரர் சம்ப்பை ஒருமுறை குனிந்து பார்த்தார். எத்தனை நாளாகும் என்று கேட்டார். செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார் அண்ணன்.