பற்றரி பதுக்கிற பரம்பரை

எங்கட வீட்டில ஒரு லாச்சி முழுக்க சார்ஜ் பண்ணுற பற்றரி.
"கடையில இல்லாத பற்றரியோ அப்பா?" எண்டு மகள் நக்கலடிக்கிறாள்.

அவளுக்கென்ன தெரியும்?
1990இல இலங்கை அரசாங்கம் வடக்குக்குப் போடத் தொடங்கின பொருளாதாரத் தடையில, வர விடாத சாமான்களில பற்றரியும் ஒண்டு. சைக்கிள் டைனமோவைச் சுத்திச் சுத்தி றேடியோவில செய்தி கேட்ட சனம் நாங்கள்.
பற்றரியைக் கண்டா இந்தக் கை சும்மா விடுமோ?

ஆனா இந்தச் சாமான் பதுக்கத் தோதில்லை.
சாதாரண நிக்கல் பற்றரி சும்மா கிடந்தாலே சார்ஜ் இறங்கும். கொஞ்ச மாசத்தில வெறுங்கோது.
லித்தியத்தைக் கனநாள் வைக்கிறதெண்டா அரைவாசி சார்ஜில வைக்கோணும். நிறைச்சு வைச்சா கெதியாக் கிழண்டும், முற்றா இறங்க விட்டா எழும்பாது.
சோலருக்குப் பூட்டுற ஈயப் பற்றரி நேரெதிர். நிறைச்சுத்தான் வைக்கோணும், இடைக்கிடை ஏத்தியும் விடோணும்.

எல்லாத்துக்கும் எமன் வெக்கை.
எங்கட ஊர் விசுவமடு வெயிலுக்கை தகரக் கூரைக்குக் கீழ வைச்சுப்போட்டு, பற்றரியில பிழை சொல்லுறம் 😄

ஒண்டு மட்டும்: வீங்கின லித்தியத்தைக் குப்பையோட கொளுத்திப் போடாதேங்கோ, வெடிக்கும்.
பழுதான பற்றரி எடுக்கிற ஆக்கள் எங்கட பக்கம் ஆரும் இருக்கினமோ? தெரிஞ்சா சொல்லுங்கோ.