மதில் சுவருக்கும் அளவு உண்டு

வீட்டில் நாலு பேருக்கு எத்தனை டம்ளர் அரிசி என்று கேட்டால் யோசிக்காமல் சொல்லிவிடுவோம். மதில் கட்ட எத்தனை கல் என்று கேட்டால் மட்டும், "அதெல்லாம் மேஸ்திரிக்குத்தான் தெரியும்" என்று ஒதுங்கிவிடுகிறோம். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும், சகோதரிகளே! இதுவும் நம் கைக்கு அடங்கிய கணக்குதான்.

நாங்கள் இருப்பது மேற்குத் தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில். 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அப்போது அடையாற்று வெள்ளம் எங்கள் தெருவுக்கும் வந்தது. வீட்டோடு சேர்த்து வாங்கிய பழைய மதில் அப்படியே சாய்ந்துவிட்டது. அஸ்திவாரம் முக்கால் அடிகூட இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. பிள்ளைகள் ஓடி விளையாடுகிற சந்து அது. அன்று யாரும் அங்கே இல்லாதது தெய்வச் செயல்.

சில வருஷம் தகரத்தை வைத்து ஒப்பேற்றினோம். சென்ற ஆண்டு சீட்டுப் பணம் வந்ததும் புதுச் சுவர் எழுப்ப முடிவாயிற்று. என் கணவர் காலையில் மின்சார ரயிலைப் பிடித்தால் இரவுதான் திரும்புவார். ஆகவே மேஸ்திரியிடம் பேசுவது என் பொறுப்பு.

"ஒரு 350 கல்லு இறக்கிடலாம்மா" என்றார்.

"எப்படி மேஸ்திரி 350?"

"குத்துமதிப்புதாம்மா. பாதியில கல்லு பத்தலன்னா ஆளுங்க சும்மா உட்காருவாங்க. கூலி வீணாப் போவும்."

அவர் பயமும் நியாயம்தான். ஆனாலும் நான் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்தேன்.

சாலிட் பிளாக் கல்லை, இணைப்புக் கலவையும் சேர்த்து, 16 அங்குல நீளம், 8 அங்குல உயரம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். கனம் 6 அங்குலம். எங்கள் சுவர் 40 அடி, அதாவது 480 அங்குலம். 16-ஆல் வகுத்தால் ஒரு வரிக்கு 30 கல். உயரம் 5 அடி 4 அங்குலம் என்றால் சரியாக 8 வரி. ஆக 240 கல். உடைசலுக்கு நூற்றுக்கு 5 வீதம் 12 சேர்த்தால் 252. தூண் வரும் இடத்தில் கல் இன்னும் குறையும். உங்கள் சுவரின் அளவு வேறாக இருந்தால், 8 சதுர அடிக்கு 9 கல் என்று போடுங்கள். உயரம் 8 அங்குலத்தால் மீதியின்றி வகுபட்டால் கல்லை வெட்டி வீணாக்க வேண்டாம்.

கலவை, சிமென்ட் ஒன்றுக்கு மணல் ஆறு. 50 கிலோ மூட்டை ஏறக்குறைய ஒன்றேகால் கன அடி. எனவே ஒரு மூட்டைக்கு ஏழரை கன அடி எம் சாண்ட். கல் அடுக்க மட்டும் எங்களுக்கு 2 மூட்டையும் 15 கன அடி மணலும் போதுமானதாக இருந்தது. அஸ்திவாரம், தூண், பூச்சு எல்லாம் தனிக் கணக்கு.

98 கல்லின் விலை மிச்சம்! புது மிக்ஸி வாங்கலாமே என்று மனசு சொல்லிற்று. ஆனால் 2019 டிசம்பர் 2-ஆம் தேதி மேட்டுப்பாளையம் அருகே நடூரில், மழையில் மதில் சரிந்து 17 உயிர்கள் போனதை மறக்க முடியுமா? மிச்சத்தை அப்படியே மண்ணுக்கடியில் போட்டேன். எங்கள் பக்கம் ஏரிகள் நிறைய. களிமண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். அதனால் கெட்டி மண் வரும்வரை தோண்டச் சொன்னேன். கம்பி கட்டி பெல்ட் கான்கிரீட், 10 அடிக்கு ஒரு தூண், தண்ணீர் தேங்காமல் வெளியேற அடிவரியில் ஓட்டைகள்.

இன்னும் ஒன்று. செங்கல்லைப் போல இந்தக் கல்லை ஊறவைக்கக் கூடாது. வெயில் நாளில் லேசாகத் தண்ணீர் தெளித்தால் போதும். கட்டிய பிறகு ஒரு வாரமாவது சுவரை நனைத்து வர வேண்டும். அதை நானே பார்த்துக்கொண்டேன்.

மிஞ்சிய கல் துணி துவைக்கும் மேடைக்கு உதவிற்று. மண்ணுக்கு மேலே கணக்காய் இருங்கள். மண்ணுக்குக் கீழே மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். சுவரின் அந்தப் பக்கத்தில் விளையாடுவதும் யாரோ பெற்ற குழந்தைதானே!