அலைன்மென்ட் கடை வரைக்கும்

டை ராட் எண்டு மாற்றிய வண்டியை அலைன்மென்ட் பார்க்காமல் ஓட்டலாமா என்று கேட்காத வண்டிக்காரர் இல்லை. ஓட்டலாம். ஓட்டித்தான் ஆக வேண்டும். எங்களைப் போன்ற சின்னப் பட்டறைகளில் அந்த மெஷின் கிடையாது. ஒண்டிப்புதூரில் வேலையை முடித்து, திருச்சி சாலையில் சிங்காநல்லூர் பக்கம் கொண்டுபோக வேண்டும். அந்தத் தூரமும் வேலையில் சேர்ந்ததுதான் என்பது என் கட்சி. அதனால் நானே ஓட்டுவேன்.

சக்கரம் நேராக இல்லாதது வேறு, நட்டு இறுகாதது வேறு. முதலாவதால் டயர் தேயும். இரண்டாவதால் ஸ்டியரிங்குக்கும் சக்கரத்துக்கும் உறவே அறுந்துபோகும். ஆகவே இறுக்க வேண்டியதெல்லாம் பட்டறையிலேயே முடிந்திருக்க வேண்டும். எண்டின் தண்டு நக்கிள் ஓட்டைக்குள் கூம்பாகப் போய் உட்காருகிறது. அந்த இடத்தில் கிரீஸ் படவே கூடாது. காய்ந்த துணியால் துடைத்துவிட்டுத்தான் ஏற்றுவேன். நட்டோடு தண்டும் சேர்ந்து சுற்றினால், எண்டை நக்கிளோடு அழுத்திப் பிடித்தால் கவ்விக்கொள்ளும். காடி வெட்டிய நட்டு என்றால், ஸ்பிளிட் பின் ஓட்டை நேர்படவில்லையே என்று கொஞ்சம் தளர்த்துகிற பழக்கம் சிலருக்கு உண்டு. அதை நான் அனுமதிப்பதே இல்லை. அடுத்த காடி வரும்வரை இறுக்கத்தான் வேண்டும்.

லோயர் ஆர்மும் மாற்றியிருந்தால், புஷ் போல்ட்டுக்குக் கடைசி முறுக்கு வண்டி தரையில் நின்ற பிறகுதான். சக்கரம் தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் திருகிக்கொண்டு நின்று சீக்கிரம் கிழியும்.

பழைய எண்டு கழன்றுவர எத்தனை சுற்று ஆனது என்று எண்ணி, புதியதையும் அத்தனை சுற்று ஏற்றுவார்கள். நல்ல பழக்கம். ஆனால் அதை நம்பி அலைன்மென்டைத் தள்ளிப்போடுவதை என்னால் ஏற்க முடியாது. மரையின் பிட்ச் 1.5 மி.மீ. என்றால், ஒரு சுற்று வித்தியாசத்தில் ராடின் நீளம் 1.5 மி.மீ. மாறும். ஸ்டியரிங் ஆர்ம் குட்டை, ரிம் பெரிது. அதனால் ரிம் விளிம்பில் அதுவே 4 மி.மீ. போலப் பெருகிவிடும். பல சிறிய கார்களுக்கு டோ அளவே, அதாவது ரிம்மின் முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் உள்ள வித்தியாசமே, 0 முதல் 2 மி.மீ.க்குள்தான். புது எண்டும் பழையதும் மயிரிழை பிசகாமல் ஒரே நீளம் இருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

அதனால் நூல் பிடிப்பேன். ஜாக்கியிலிருந்து இறக்கிய கையோடு அளக்கக் கூடாது. சக்கரங்கள் இயல்பாக நிற்காது. வாசல் வரை உருட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து, முன்பக்கத்தை அழுத்தி விட்ட பிறகு, இரு பக்கமும் ஹப் உயரத்தில் இணையாக நூல் இழுத்து, ரிம்மின் முன் விளிம்பையும் பின் விளிம்பையும் ஸ்கேலால் பார்ப்பேன். துல்லியம் வராது. சிங்காநல்லூர் போய்ச்சேர அது போதும்.

வேகம் 40 கி.மீ.யைத் தாண்டுவதில்லை. டோ-அவுட் இருந்தால் கையில் உடனே தெரியும். வண்டி நடுவில் நிற்காமல் அலையும். டோ-இன் அதிகமானால் அப்படிக் காட்டிக்கொடுக்காது. நேராகப் போவதுபோலவே இருந்து டயரின் வெளி ஓரத்தை அரித்துவிடும். எனக்கு அதுதான் பெரிய கவலை.

“அண்ணா, வண்டி நல்லாத்தானுங்க போகுது. இப்பவே பாக்கோணுங்களா?” என்பவர்களை அவர்களுடைய பழைய டயரில் குறுக்கே கையை ஓட்டிப் பார்க்கச் சொல்வேன். உள்ளே தள்ளும்போது வழவழப்பு, வெளியே இழுக்கும்போது ரம்பப் பல். அதன்பிறகு பேச்சு இருக்காது.

ஸ்டியரிங் வீல் கோணலாக நின்றால் அதைக் கழற்றி நேராக மாட்டித் தரச் சொல்வார்கள். செய்ய மாட்டேன். உள்ளே ஏர்பேக்கும் கிளாக் ஸ்பிரிங்கும் இருக்கின்றன. ரேக் நடுவில் இல்லை என்கிற குறையும் அப்படியே இருக்கும். ஒரு ராடை நீட்டி, மற்றதை அதே அளவு குறைப்பதுதான் முறை.

மெஷினில் அளவு வந்ததும் செக் நட்டை இறுக்குவார்கள். அப்போது ராடும் கூடவே திரும்பி அளவு நகர்ந்துவிடும். ஆகவே, இறுக்கிய பிறகு இன்னொரு முறை ஸ்கிரீனைப் பார்க்கச் சொல்வேன். ரேக் பூட் முறுக்கிக்கொண்டு நிற்கிறதா என்று நானும் குனிந்து பார்த்துவிடுவேன். முறுக்கோடு விட்டால் பூட் கிழிந்து, தண்ணீரும் மண்ணும் நேரே ரேக்குக்குள் போகும்.