சித்திர சபை ஊர்க்காரி

சிவபெருமான் ஆடிய ஐந்து சபைகளில் சிதம்பரத்துப் பொன்னம்பலத்தை ஊர் உலகமெல்லாம் அறியும். மதுரையில் வெள்ளி, திருவாலங்காட்டில் ரத்தினம், நம்ம திருநெல்வேலியில் தாமிரம். அங்கெல்லாம் ஆடுகிறவர் சிலையாக நிற்கிறார். குற்றாலத்தில் மட்டும் சுவரில் எழுதிய சித்திரமாக இருக்கிறார். மாலையும் தீபாராதனையும் சித்திரத்துக்குத்தான். மார்கழித் திருவாதிரைக்குச் சித்திர சபையில் கூடுகிற கூட்டத்தை நீயும் சின்ன வயதில் பார்த்தவள்தானே. போன வாரம் போனில் கேட்டாயே, "தாத்தா, எனக்குன்னு ஒரு பாணி எப்ப வரும்?" என்று. இந்த ஊரை விட்டுவிட்டு அதற்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியாது, தாயி.

நான் ஓவியன் இல்லை என்பது உனக்குத் தெரியும். மின்வாரியத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் வரைந்தவன். ஓவியக் கல்லூரிப் படி ஏறியதில்லை. அதனால் பாடத்திட்டம் எதுவும் என்னிடம் எதிர்பார்க்காதே. கண்ணால் கண்டதும் கைப்பழக்கமும்தான் என் சரக்கு.

என் முதல் வாத்தியார் பூஜை அறையில் தொங்கிய காலண்டர். சிவகாசியில் அச்சாகி, ஜவுளிக்கடைக்காரரும் பலசரக்குக் கடைக்காரரும் இனாமாகக் கொடுத்தது. மீனாட்சி கல்யாணம், முருகன், லட்சுமி. அவற்றில் எத்தனையோ படங்கள் கோவில்பட்டியில் உட்கார்ந்து கொண்டையராஜுவும் அவர் சீடர்களும் வரைந்தவை என்பது பிற்பாடுதான் தெரிந்தது. கொண்டையராஜு 1898-ல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்தார், திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தில் கொஞ்ச காலம் இருந்தார், பிறகு நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதினார். அந்தக் கம்பெனியோடு வந்துதான் கோவில்பட்டியில் தங்கினார். 1976-ல் காலமானார். அவருடைய அம்மன் முகத்தை இன்னொரு தரம் உற்றுப் பார். நாடக மேடையில் முன்னாலிருந்து வெளிச்சம் அடிக்குமே, அந்த வெளிச்சம் கன்னத்தில் விழுந்திருக்கும். பின்னால் தூணும் படுதாவும் உள்ளே உள்ளே போகும். அதெல்லாம் நாடகத் திரைக்காரரின் கை. சில படங்களின் அடியில் குருவின் பெயரோடு சீடர் பெயரும் சேர்ந்தே இருக்கும். எது யார் கை என்று பிரித்துச் சொல்ல எனக்கு வரவில்லை. பிரித்துச் சொல்ல வேண்டும் என்று அவர்கள் கவலைப்பட்ட மாதிரியும் தெரியவில்லை.

இரண்டாவது வாத்தியார் சித்திர சபைச் சுவர். காலண்டரைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தச் சுவர் முதலில் ஒட்டவே ஒட்டாது. நிழல் கிடையாது. தூரத்தில் இருப்பவரும் பக்கத்தில் இருப்பவரும் ஒரே அளவு. கன்னத்தில் வெளிச்சம் இல்லை, கோடுதான் கன்னம். நம் பக்கத்துக் கோவில் சுவர்ச் சித்திரங்களின் வழக்கமான முறை இது: சுண்ணாம்புப் பூச்சின் மேல் காவியால் உருவம் கட்டுவார்கள், உள்ளே மஞ்சளும் பச்சையும் சிவப்பும் தட்டையாக நிரப்புவார்கள், கடைசியில் கறுப்புக் கோட்டால் இழுத்து முடிப்பார்கள். அந்தக் கடைசிக் கோட்டில்தான் கண் திறக்கும், விரல் மடங்கும், இடுப்பு ஒடியும். கட்டடத்தையும் கவனி. சரிந்த கூரையும் மரவேலையுமாக அது பாதி மலையாள வீடு மாதிரி இருக்கும். இருக்காதா பின்னே? பக்கத்துச் செங்கோட்டை முதலில் திருவிதாங்கூரிலும், பிறகு 1956 நவம்பர் வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியிலும்தானே இருந்தது. பத்மநாபபுரம் அரண்மனைச் சுவர்களைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று பங்காளி என்று புரிந்துவிடும். கலைக்கு எல்லைக்கல் நடுகிறவர்கள் ஆரியங்காவு கணவாயில் ஒரு நாள் நின்றுவிட்டு வரட்டும்.

அந்தச் சுவர் முன்னால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்பாய். போனை வெளியே எடுக்காதே. முழு உருவத்தையும் பார்த்து வரையாதே. ஒரு கையை மட்டும் எடுத்துக்கொள். அபய முத்திரை காட்டும் கை, உடுக்கை பிடித்த கை, ஏதாவது ஒன்று. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே விழுகிற இடைவெளி என்ன வடிவத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இரு. வீட்டுக்கு வந்து பார்க்காமல் வரை. மறுபடி போய் ஒத்துப் பார். எனக்கு உடுக்கை பிடித்த கை பிடிபட ஒரு மழைக்காலம் முழுக்க ஆயிற்று. இதே வேலையைத் தென்காசிக் கோவில் மண்டபத்துத் தூண்களில் கல்லை வைத்தும் செய்யலாம். வீரபத்திரர், காளி, ரதி, மன்மதன் எல்லாரும் ஆளுயரத்துக்கு நிற்கிறார்கள். கல்லில் கோடு கிடையாது, வெளிச்சம் நகர நகர உருவமும் மாறும். காலையில் வரைந்த ரதி சாயங்காலம் வேறு ஆளாக இருப்பாள்.

கோபுரத்தைப் பற்றிச் சொல்லாமல் தென்காசிக்காரன் பேச்சு முடியாது. பராக்கிரம பாண்டியன் 15-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கோவில். ஆனால் என் பள்ளிக்கூடக் காலத்தில் அந்தக் கோபுரம் மேல்நிலைகள் இல்லாமல் மொட்டையாக, பிளந்து நின்றது. பிளவில் செடி முளைத்திருக்கும். அதைத்தான் கோபுரம் என்று நினைத்து நாங்கள் வளர்ந்தோம். 1990-ல் ஒன்பது நிலைக் கோபுரமாகக் கட்டிக் கும்பாபிஷேகம் நடந்தபோது ஊரே அண்ணாந்து பார்த்தது. நானும் கண் கலங்கினேன். அதற்கு முன்னால் சிலேட்டிலும் நோட்டு அட்டையிலும் வரைந்த மொட்டைக் கோபுரப் படங்களில் ஒன்றிரண்டு பெட்டியில் இருக்கின்றன. கை பழகாத பையன் வரைந்தது, வளைந்து கிடக்கும். ஆனால் அந்த விரிசல் எந்தப் பக்கமாக ஓடியது என்று இன்றைக்கு யாராவது கேட்டால் என்னிடம் பதில் உண்டு. உன் தெருவில் இப்போது ஓட்டு வீடு எத்தனை மிச்சம்? அதை வரைந்து வை. நன்றாக வரைகிறவன் வரட்டும் என்று காத்திருந்தால் அவன் வருவதற்குள் ஜேசிபி வந்துவிடும்.

மூன்றாவது வாத்தியார் குற்றாலத்து அருவி. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அருவியைத்தான் எல்லாரும் முதலில் வரையப் போகிறார்கள், முதலில் தோற்கிறார்கள். தண்ணீரை வரைய நினைத்தால் தண்ணீர் வராது. பேரருவியில் மேலேயிருந்து விழுகிற நீர் நேரே தரைக்கு வருவதில்லை. நடுவில் பொங்குமாங்கடல் என்கிற பாறைக் குழியில் விழுந்து, அங்கிருந்து பொங்கி வழிந்துதான் கீழே இறங்குகிறது. அந்த இரண்டு வீழ்ச்சிக்கும் வேகம் வேறு, அகலம் வேறு. அது தெரியாமல் மேலிருந்து கீழே ஒரே வெள்ளைப் பட்டையாக இழுத்தால் வேட்டி காயப்போட்ட மாதிரி ஆகிவிடும். பாறையை வரை. நனைந்த பாறை கிட்டத்தட்டக் கறுப்பு, சாரல் மட்டும் படுகிற பாறை சாம்பல், பாசி பிடித்த இடம் கரும்பச்சை. இந்த மூன்றையும் சரியாக வைத்துவிட்டால் நடுவில் நீ தொடாமல் விட்ட வெள்ளைத் தாள் தானாக அருவியாகிவிடும். வாட்டர் கலரில் வெள்ளை என்பது தாள்தான். டியூபில் இருக்கிற வெள்ளையைத் திறக்காதே.

ஜூன் மாதம் தென்மேற்குக் காற்று கணவாய் வழியாகச் சாரலை அள்ளிக்கொண்டு வந்ததும் வெளியே வரையப் போவாய். அப்போது தாள் காயவே காயாது. முதல் பூச்சு ஈரமாக இருக்கும்போதே அடுத்த வண்ணத்தை வைத்தால் எல்லாம் கலந்து சேறாகும். மெல்லிய டிராயிங் தாள் அப்பளமாகச் சுருளும். 300 ஜிஎஸ்எம் தாள் வாங்கு, விலை கூடத்தான். பிரஷ்ஷைக் குறைத்துக்கொள், தாளில் கஞ்சத்தனம் வேண்டாம். சில நாள் சாரலே படத்தில் சொட்டி மலையையும் மேகத்தையும் கலந்துவிடும். அதைத் துடைக்கப் போகாதே. குற்றாலத்துத் திரிகூட மலை பாதி நாள் அப்படித்தான் இருக்கிறது.

குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி.யைப் பற்றி உங்கள் தமிழ்ப் புத்தகத்தில் படித்திருப்பாய். 1882-ல் பிறந்து 1954-ல் மறைந்தவர். வக்கீலுக்குப் படித்தவர். ராஜாஜியும் கல்கியும் அவர் வீட்டுக்கு வந்து போனவர்கள். கவிஞர் என்று அவரை யாரும் சொல்வதில்லை. கம்பனின் பாட்டு ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லி, அதற்குள் இருக்கிற தாளத்தை எதிரே உட்கார்ந்தவர் காதில் விழ வைத்தார் என்பதற்காகத்தான் கொண்டாடுகிறார்கள். அவரைக் கேட்ட பெரியவர்கள் சிலரை நான் கேட்டிருக்கிறேன். படம் வரைகிற எனக்கு அதில் கிடைத்தது ஒன்று: ரசிப்பதும் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை. வரையாத நாளில் நீ சும்மா இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்ளாதே. ஒரே படத்தின் முன்னால் அரைமணி நேரம் நின்றுவிட்டு வந்தால் அன்றைக்குக் கணக்கு நேர்.

இனி பாணிக்கு வருகிறேன். என் படத்தைப் பார்க்கிறவர்கள் முகம் காலண்டர் மாதிரி இருக்கிறது, கோடு சித்திர சபை மாதிரி இருக்கிறது, மலை மட்டும் நிஜமாக இருக்கிறது என்று சொல்வார்கள். சிரித்துக்கொண்டே சொல்வார்கள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும், ஏனென்றால் மூன்று வாத்தியார்களையும் அவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். எனக்கென்று ஒன்று அதில் இருக்கிறதா என்று நான் தேடிப் பார்த்ததில்லை. விற்கிற ஓவியருக்கு அந்தக் கவலை நியாயம். இன்னாருடைய படம் என்று தெரிந்தால்தான் வாங்குகிறவன் வருவான். நமக்கு வாங்குகிறவன் கிடையாது. அது குறை இல்லை தாயி, வசதி. ஒரே பாறையைப் பத்து வருஷம் வரையலாம், ஏன் என்று கேட்க ஆள் இல்லை. நீ அந்த வசதியைப் பயன்படுத்தாமல், யாரோ வரைகிற பெரிய கண் பொம்மையை வரைந்து, அதில் உன் பாணியைத் தேடுகிறாய். கோயம்புத்தூரில் விடுதி ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று நான் கேட்டதற்கு உனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லையே, அங்கிருந்து ஆரம்பி.

ஆடியில் லீவுக்கு வருவாய் அல்லவா, திருப்புடைமருதூருக்குப் போவோம். கடனாநதி தாமிரபரணியில் சேருகிற இடத்தில் நாறும்பூநாதர் கோவில். அந்தக் கோபுரத்துக்குள்ளே ஐந்து நிலையிலும் மரச் சிற்பங்களும் சுவர்ச் சித்திரங்களும் உண்டு. குதிரைகளை ஏற்றிக்கொண்டு வருகிற கப்பல் ஒன்று இருக்கிறது; கடல் எங்கே, திருப்புடைமருதூர் எங்கே! கோவிலில் கேட்டு அனுமதி வாங்கித்தான் ஏற வேண்டும், படி குறுகல், உள்ளே இருட்டு. நல்ல டார்ச் ஒன்றும், சின்ன நோட்டும், 2பி பென்சிலும் கொண்டு வா. ரப்பர் வேண்டாம்.