ரோமாபுரியிலிருந்து கமுதி வரை

நமது சிநேகிதர் ஒருவர் ஐரோப்பாவுக்குப் போய்த் திரும்பியிருந்தார். ரோமாபுரியில் நான்கு நாள், பிளாரன்ஸில் மூன்று நாள், பாரிஸில் ஒரு வாரம், எல்லாம் தன்னந்தனியாக. திரும்பி வந்தவர் சும்மா இருப்பாரா? ஒரு ஞாயிற்றுக்கிழமை நம்மைப் பிடித்து உட்கார வைத்து, கைப்பேசியில் இருந்த முந்நூறு படங்களையும் ஒன்று விடாமல் காட்டினார். ஒவ்வொரு படத்திலும் அவருடைய முகம் பூரண சந்திரனைப் போல் விளங்கிற்று. கொலோசியம் என்னும் அந்த மாபெரும் மண்டபம் அவர் தோளில் வைத்த கீரைக் கூடை மாதிரி ஒரு மூலையில் தெரிந்தது.

"தனியாகப் போய்ப் பாருங்கள், அப்போதுதான் சரித்திரம் பேசும்" என்றார் சிநேகிதர்.

"அப்படியானால் நாமும் புறப்படுகிறோம்" என்றோம்.

"எங்கே? லண்டனுக்கா?"

"கமுதிக்கு."

சிநேகிதர் சிறிது நேரம் பேசவில்லை. "தண்ணீரில்லாக் காடு ஆயிற்றே! யாராவது உம்மை மாற்றிவிட்டார்களா?" என்று அனுதாபத்துடன் கேட்டார். சர்க்கார் உத்தியோகஸ்தர்களைத் தண்டனையாக அனுப்பும் சீமை என்று ராமநாதபுரம் ஜில்லாவுக்கு ஒரு பழைய கெட்ட பெயர் உண்டல்லவா? அதைத்தான் அவர் நினைத்துக் கொண்டார்.

ஆனால் நாம் வேடிக்கைக்காகக் கமுதியின் பெயரைச் சொல்லவில்லை. ரோமாபுரியைப் பார்த்துவிட்டு நேரே சேது நாட்டுக்கு வந்து இறங்கிய ஒரு பிரயாணியைப் பற்றி நமக்குத் தெரியும். அவர் வந்த வருஷத்திலேயே கமுதியில் ஒரு சம்பவம் நிகழ்ந்தது. அவர் கால் வைத்த கடற்கரையிலிருந்து அந்தச் சம்பவம் நடந்த கோயில் வாசல் வரையில் ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும் என்று வெகு நாளாக எண்ணியிருந்தோம். மாசி மாதத்தில் மூன்று நாள் ஓய்வு கிடைத்ததும் ஒரு பையுடன் ரயில் ஏறினோம்.

முதல் நாள் பாம்பன். 1914ஆம் வருஷத்துப் பழைய ரயில் பாலம் நூறு வயதைத் தாண்டி உழைத்து ஓய்ந்துவிட்டது. கப்பல் வரும்போது அதன் நடுப்பாகம் இரண்டாகப் பிளந்து மேலே எழும். இப்போது 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் நடுப்பாகம் அப்படியே நேராக மேலே உயர்கிறது. இரண்டு பக்கமும் கடல். ரயிலோ மெதுவாகப் போகிறது. சன்னல் ஓரத்தில் இருந்த ஒரு பாட்டியம்மாள், "ராமா, ராமா" என்று கையைக் கூப்பியவள் கரை சேரும் வரையில் பிரிக்கவேயில்லை. பக்தியா, பயமா என்று நாம் கேட்கவில்லை. நமக்கும் இரண்டும் கொஞ்சம் இருந்தன.

பாம்பனிலிருந்து குந்துகால் என்னும் கடற்கரைக்குப் போனோம். அங்கே விவேகானந்தர் நினைவு மண்டபம் இருக்கிறது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பாரதத்தின் பெருமையை நிலைநாட்டிய ஸ்வாமி, திரும்பும் வழியில் இத்தாலிக்குச் சென்று, பிளாரன்ஸையும் ரோமாபுரியையும் கண்டு, 1896ஆம் வருஷக் கிறிஸ்துமஸ் சமயத்தில் ரோமாபுரியிலேயே தங்கினார். டிசம்பர் 30ஆம் தேதி நேபிள்ஸ் துறைமுகத்தில் கப்பலேறி, ஜனவரி 15ஆம் தேதி கொழும்பில் இறங்கினார். இலங்கையில் சில நாட்கள் இருந்து, 1897 ஜனவரி 26ஆம் தேதி பாம்பன் வந்து பாரத பூமியில் அடி வைத்தார். அந்தத் தேதியைப் பாருங்கள்! பின்னால் 1930ல் பூரண சுதந்திர தினமாகவும், 1950ல் குடியரசு தினமாகவும் ஆன அதே ஜனவரி 26!

கரையில் அவரை எதிர்கொண்டவர் ராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதி. சிகாகோ யாத்திரைக்கு ஊக்கமும் பொருளும் உதவியவர்களில் அவர் ஒருவர். ஸ்வாமியின் திருவடி தம் தலைமேல் பட வேண்டும் என்று விரும்பியவர். ஸ்வாமி ஏறிய வண்டியின் குதிரைகளை அவிழ்த்துவிட்டு மற்றவர்களோடு தாமும் சேர்ந்து இழுத்தவர். அடுத்த நாள் ராமேசுவரம் ஆலயத்தில் ஸ்வாமி பேசினார். விக்கிரகத்தில் மட்டும் சிவனைக் காண்பவனுடைய பூஜை ஆரம்பப் படிதான். ஏழையிடத்திலும் எளியவனிடத்திலும் நோயாளியிடத்திலும் சிவனைக் காண்பவனே உண்மையில் சிவனைப் பூஜிக்கிறவன் என்பது அந்தப் பேச்சின் சாரம். ராஜாவும் அதைக் கேட்டுப் பரவசமாகி, ஆயிரக்கணக்கான ஏழைகளுக்கு அன்னமும் வஸ்திரமும் அளித்தார்.

நாம் அன்று மாலை அந்த ஆலயத்தின் மூன்றாம் பிராகாரத்தில் நின்றோம். ஏறக்குறைய ஆயிரத்து இருநூறு தூண்கள். ஒரு கோடியில் நிற்பவனுக்கு மறு கோடியில் வருகிற மனிதன் எறும்பாகத் தெரிகிறான். மறு கோடியிலிருந்து பார்த்தால் நாமும் எறும்புதான். தனியாக வந்தவனுக்கு இது நல்ல பாடம்.

இரண்டாம் நாள் ராமநாதபுரம். அரண்மனையில் ராமலிங்க விலாசம் என்னும் மண்டபத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கிழவன் சேதுபதி காலத்தில் எழுந்த மண்டபம். அதன் சுவர்களில் பதினெட்டாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் எழுதிய வர்ண சித்திரங்கள் நிறைந்திருக்கின்றன. ராமாயணக் காட்சிகள் ஒருபுறம், தஞ்சை மராட்டியருடன் நடந்த யுத்தம் மற்றொரு புறம். தொப்பியும் நீண்ட அங்கியும் அணிந்த ஐரோப்பியர்கள் சேதுபதியைப் பேட்டி காணும் சித்திரமும் உண்டு. நம் சிநேகிதர் ஐரோப்பாவுக்குப் போய்ப் பார்த்தார். ஒரு காலத்தில் ஐரோப்பா இந்த மண்டபத்துக்கு வந்து நின்றிருக்கிறது.

ஆனால் அந்தக் காலம் நீடிக்கவில்லை. 1795ல் முத்துராமலிங்க சேதுபதியைக் கும்பெனியார் பதவியிலிருந்து இறக்கிச் சிறையில் வைத்தார்கள். அவர் மீண்டும் ஆளவேயில்லை. சிறைவாசத்திலேயே 1809ல் மாண்டார். 1798ல் இதே ராமலிங்க விலாசத்தில்தான் கலெக்டர் ஜாக்சன் கட்டபொம்மனை வரவழைத்து விசாரித்தான். பேட்டி சண்டையில் முடிந்தது. சித்திரங்களில் இருந்த சேதுபதிகள் இதையெல்லாம் சுவரிலிருந்து பார்த்துக் கொண்டிருந்திருப்பார்கள்.

மூன்றாம் நாள் அதிகாலையில் கமுதி பஸ் ஏறினோம். கமுதிக்கு ரயில் கிடையாது. வழியெல்லாம் கண்மாய்க் கரைகளும் சீமைக் கருவேல முட்காடும் மாறி மாறி வருகின்றன. இடையிடையே களங்களில் சிவப்புக் கம்பளம் விரித்தாற்போல் மிளகாய் காய்கிறது. நீளமான மிளகாய் அன்று; கோலிக்குண்டு மாதிரி உருண்டையான முண்டு மிளகாய். 2023ல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பஸ்ஸின் சன்னலைத் திறந்தால் காற்றே காரமாக இருக்கிறது. முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கண்மாய்களான சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் தூரதேசத்துப் பறவைகள் தங்கும் சரணாலயங்கள். தண்ணீரில்லாக் காடு என்று மனிதர்கள் சொன்னாலும், மழை பெய்த வருஷத்தில் பறவைகள் அதை நம்புவதில்லை!

தண்ணீர் குறைவாயிருக்கலாம், வெயில் தாராளம். அந்த வெயிலையும் இப்போது வீணாக்குவதில்லை. 2016ல் கமுதிக்கு அருகே 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் ஏற்பட்டது. ஒரே இடத்தில் அமைந்தவற்றுள் உலகத்திலேயே பெரியது என்று அப்போது பெயர் பெற்றது.

கமுதியில் முதலில் கோட்டை. குண்டாற்றின் கரையில், பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், விஜய ரகுநாத சேதுபதி பிரெஞ்சுக்கார இன்ஜினீயர்களின் உதவியைக் கொண்டு கட்டியது என்பார்கள். பெரும் பகுதி இடிந்துவிட்டது. எஞ்சியிருக்கும் கற்சுவரும் கொத்தளமும் முள்ளுக்குள் நிற்கின்றன. ரோமாபுரியில் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு பலகை, ஒரு சீட்டு, ஒரு வழிகாட்டி. இங்கே நமக்கு வழிகாட்டியாக வாய்த்தவன் ஆடு மேய்த்துக் கொண்டிருந்த ஒரு பையன்.

"இந்தக் கோட்டையை யார் தம்பி கட்டினது?"

"எங்க ஊரு ராசா."

"இடித்தது யார்?"

"வெள்ளைக்காரன்" என்று சற்றும் யோசிக்காமல் சொன்னான். பிறகு, "இப்ப ஆடு ஏறுது" என்று சேர்த்துக் கொண்டான். அவன் சொன்னதற்கு மேல் ஒரு பலகையில் என்ன எழுதிவிட முடியும்? 1799ல் மயிலப்பன் சேர்வைக்காரர் கும்பெனிக்கு எதிராகக் கிளர்ச்சி செய்தது இந்தக் கமுதி, முதுகுளத்தூர், அபிராமம் வட்டாரத்தில்தான். 1802ல் அவரைத் தூக்கிலிட்டார்கள். அந்தப் பெயரைச் சொன்னதும் பையன் தலையை ஆட்டினான். தெரிந்திருந்தது.

வெயில் தாழ்ந்த பிறகு, நாம் எதற்காக வந்தோமோ அந்த இடத்துக்குப் போனோம். கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் ஆலயம்.

1897ஆம் வருஷம் மே மாதம் இந்த ஊர் நாடார்கள் சிலர் இந்தக் கோயிலுக்குள் சென்று வழிபட்டார்கள். வியாபாரத்தில் முன்னேறிய சமூகம்; ஊருக்கு வேண்டிய சரக்கெல்லாம் அவர்கள் கையால் வந்தது. ஆனால் கோயில் வாசல் மட்டும் அவர்களுக்கு அடைத்திருந்தது. அவர்கள் பிரவேசித்ததால் ஆலயத்துக்குத் தீட்டு ஏற்பட்டது என்று வழக்குத் தொடர்ந்தார் ஆலயத்தின் பரம்பரை தர்மகர்த்தா. அவர் யார் என்று நினைக்கிறீர்கள்? பாஸ்கர சேதுபதிதான்! ஜனவரியில் ஸ்வாமியின் வண்டியை இழுத்த அதே கரங்கள். ராமேசுவரத்துப் பேச்சைக் கேட்டு நான்கு மாதந்தான் ஆகியிருந்தது.

அவரை இன்று நாம் திட்டிவிடுவது சுலபம். ஆனால் அவர் கெட்டவர் அல்லர். வழக்கு நடந்து கொண்டிருந்தபோதே நாடார்களுடன் சமரசம் செய்து கொள்ள இசைந்தார். தர்மகர்த்தாவுக்கு அந்த உரிமை இல்லை என்று நியாயஸ்தலம் அதை ஏற்கவில்லை. 1899ல் மதுரையில் தீர்ப்பு. 1901ல் சென்னை ஹைகோர்ட்டில் தீர்ப்பு. 1908ல் லண்டன் பிரிவி கவுன்சிலில் தீர்ப்பு. மூன்று இடத்திலும் வாசல் திறக்கவில்லை. கடைசித் தீர்ப்பு வருவதற்கு ஐந்து வருஷம் முன்னதாக, 1903ல், முப்பத்தைந்து வயதிலேயே ராஜா காலமாகிவிட்டார். மகா பெரிய உபதேசத்தைக் கேட்டு உருகிய இருதயமே, வழக்கம் என்று ஒன்று குறுக்கே வந்தபோது தடுமாறியது. அந்தத் தடுமாற்றம் நம் ஒவ்வொருவர் வீட்டிலும் இருந்ததுதான்.

வாசல் திறக்க முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 1939 ஜூலை 8ஆம் தேதி மதுரை மீனாட்சியம்மன் ஆலயத்துக்குள் தாழ்த்தப்பட்ட வகுப்பினர் ஐவரையும் விருதுநகர் நாடார் ஒருவரையும் வைத்தியநாதய்யர் அழைத்துச் சென்றார். அதற்குப் பக்கபலமாக நின்றவர்களில் ஒருவர் முத்துராமலிங்கத் தேவர். அவர் பிறந்த பசும்பொன் கிராமம் கமுதிக்கு அருகில்தான் இருக்கிறது. அதே 1939ல் ஒரு சட்டம். 1947ல் இன்னும் விரிவான சட்டம். 1950ல் தீண்டாமையையே ஒழித்த அரசியல் சட்டம். 1954ல் இதே நாடார் சமூகத்தில், அந்நாளில் ராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்திருந்த விருதுநகரில் பிறந்த காமராஜர் சென்னை ராஜ்யத்தின் முதல் மந்திரியானார்.

நாம் வாசலில் நின்று கொண்டிருந்தோம். சாயரட்சை மணி அடித்தது. பள்ளிக்கூடப் பையுடன் இரண்டு சிறுமிகள் செருப்பை உதறிவிட்டு ஓடினார்கள். மளிகைக் கடையிலிருந்து ஒருவர் மேல் துண்டை இடுப்பில் கட்டிக் கொண்டே வந்தார். ஒரு மூதாட்டி, படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக் கொண்டு, நிற்கும் நம்மைப் பார்த்து, "என்ன தம்பி, வெளியூரா? உள்ளே வாங்க, தீபாராதனை ஆகப் போகுது" என்றாள். யார், எவர், எந்த ஜாதி என்று ஒரு கேள்வியும் இல்லை. ஊர் பேர் தெரியாத தனி மனிதன் ஒருவனை உள்ளே வரச் சொல்லுகிற அந்த ஒரு வார்த்தைக்காக இந்த வாசலில் எத்தனை பேர் எத்தனை வருஷம் காத்திருந்தார்கள்! உள்ளே போனோம். கற்பூர ஒளியில் எல்லார் முகமும் ஒன்று போலவே தெரிந்தது.

வேலை முடிந்துவிட்டது என்று சொல்ல மாட்டோம். 2023ல் விழுப்புரம் ஜில்லா மேல்பாதி கிராமத்தில் இதே பிரவேசப் பிரச்னையால் ஒரு திரௌபதியம்மன் கோயிலைப் பூட்டி முத்திரை வைக்க நேர்ந்தது. கமுதியின் கதையைத் தெரிந்து கொள்வது இதனால்தான் அவசியமாகிறது.

தேநீர்க் கடைக்காரர், "பங்குனியில் வந்திருக்கணும் அண்ணாச்சி. முத்துமாரியம்மன் பொங்கல், சேத்தாண்டி வேஷத்தைப் பார்த்திருக்கலாம்" என்று வருத்தப்பட்டார். நேர்ந்து கொண்டவர்கள் தலை முதல் கால் வரையில் சேற்றைப் பூசிக்கொண்டு கோயிலுக்கு வருகிற திருநாள் அது. பூசியவர்களில் யார் யார் என்று அடையாளம் தெரியாதாம். சொந்தப் பிள்ளையைத் தாயே தேட வேண்டுமாம்.

நேயர்களில் யாரேனும் ராமேசுவரம் போகும்போது, திரும்பும் வழியில் ஒரு நாள் ஒதுக்கிக் கமுதிக்கும் போய் வாருங்கள். குழந்தைகளையும் அழைத்துச் செல்லுங்கள். கோட்டையைக் காட்டுங்கள். பிறகு கோயில் வாசலில் ஒரு நிமிஷம் நிறுத்தி, 1897 என்ற வருஷத்தைச் சொல்லுங்கள். அதற்குப் பின் உள்ளே அழைத்துப் போங்கள்.

ஊர் திரும்பியதும் சிநேகிதர் படம் கேட்டார். நம்மிடம் இருந்தது ஒன்றே ஒன்று: கோட்டைச் சுவர்மேல் நிற்கும் ஓர் ஆடு. நம்முடைய முகம் அதில் இல்லை. "நன்றாயிருக்கிறதே!" என்றார். பங்குனியில் அவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.