சீட்டில் அடங்காத பக்குவம்

என் மாமியார் ஆரம்பித்த சாம்பார் பொடி வியாபாரம் எங்களுடையது. 30 வீடுகள் வாடிக்கை. கடையில் விதவிதமான பாக்கெட்டுகள் இருந்தும் எங்களைத் தேடி வருவது அவருடைய கைப்பக்குவத்துக்காகத்தான். பிள்ளையின் காலேஜ் ஃபீஸே அதில்தான் கட்டுகிறோம்.

போன வருஷம் அவருக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. அடுப்பண்டை போகக் கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டார். அத்தை அளவுகளைச் சொல்லச் சொல்ல, சீட்டில் எழுதிக்கொண்டு நானே பொடி செய்தேன். "என்னக்கா, லேசா கசக்குதே!" என்றார்கள். அடுத்த மாதம் 30 வீடு 19 ஆயிற்று. எனக்குத் தூக்கமே போய்விட்டது.

என் பிள்ளை தன் பாடப் புத்தகத்திலிருந்து ஒரு விஷயம் சொன்னான். ஜப்பானில் 1985-ல் மட்சுஷிதா கம்பெனியார் வீட்டிலேயே ரொட்டி செய்யும் மெஷினுக்கு முயன்றார்களாம். ரொட்டியின் மேல்புறம் தீய்ந்தது, உள்ளே வேகவில்லை. பிசைந்த மாவை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தும் காரணம் புரியவில்லை. இகுகோ தனாகா என்ற பெண், ஒசாகாவில் பேர் பெற்ற ஒரு ஹோட்டலின் ரொட்டி மாஸ்டரிடம் போய்க் கூடவே நின்று பழகினார். அவர் மாவை இழுக்கும்போதே முறுக்கவும் செய்கிறார் என்று அப்போதுதான் தெரிந்ததாம்! அதற்கேற்றபடி மெஷினின் உட்புறத்தில் வரிவரியாக மேடு வைத்தார்கள். 1987-ல் விற்பனைக்கு வந்து சக்கைப்போடு போட்டது.

"நீயும் பாட்டி பக்கத்துல நின்னு பாரும்மா" என்றான்.

கண் குணமானதும் அப்படியே செய்தேன். வெந்தயம் நன்றாகச் சிவக்கும் வரை நான் வாணலியிலேயே விட்டிருந்தேன். அத்தையோ பொன்னிறம் வந்ததுமே தட்டில் கொட்டிவிட்டார். மீதியை அந்தச் சூடே பார்த்துக்கொள்ளுமாம். மில்லிலிருந்து வந்த பொடியையும் உடனே டப்பாவில் அடைக்கவில்லை. பேப்பரில் பரப்பி ஆறவிட்டார்.

"ஏன் அத்தை, இதையெல்லாம் சொல்லவே இல்லையே?"

"இதெல்லாம் சொல்லணும்னே எனக்குத் தோணலையேம்மா!"

கை தானாகச் செய்வதை வாய் எப்படிச் சொல்லும்? அத்தையின் கையில் இருந்ததுதான் எங்கள் வியாபாரத்துக்கு முதல். நாங்கள் பாத்திரம், தராசு, பணத்தை மட்டும் முதல் என்று எண்ணியிருந்தோம்.

8 வீடுகள் திரும்பி வந்தன. 3 வரவில்லை. இப்போது பொடி வறுக்கும்போதெல்லாம் என் மகளையும் பக்கத்தில் நிறுத்திக்கொள்கிறேன். பார்த்ததைச் சீட்டிலும் சேர்த்து எழுதுகிறோம்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களின் கையிலும் ஒரு பக்குவம் இருக்கும். சீட்டும் பேனாவும் மட்டும் போதாது, சகோதரிகளே. பக்கத்தில் போய் நில்லுங்கள்!