விட்டுக்கொடுத்த இடம்

சென்ற வாரம் இரவு உணவின்போது என் புதல்வர் இருவருக்கும் பெரும் வாக்குவாதம். அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்தில் ஆண்டுதோறும் நிகழும் ‘ஆல் ஸ்டார்’ ஆட்டத்திற்கு எவர் தகுதியுடையவர் என்பதே வழக்கு.

“இரசிகர் விரும்புகிறவரே ஆடவேண்டும்” என்றான் இளையவன்.

“உழைத்தவனுக்கன்றோ இடம்!” என்று சீறினான் மூத்தவன். அச்சீற்றத்தின் காரணத்தை நான் அறிவேன். கல்லூரி அணியில் இவ்வாண்டு அவனுக்கு இடம் கிட்டவில்லை.

இவ்வழக்கு பழையது. 2017-இல் தொடக்க ஐவரைத் தெரிவு செய்ய இரசிகர் வாக்குக்குப் பாதியும், ஆட்டக்காரர், செய்தியாளர் வாக்குகளுக்குக் கால் பங்கு வீதமும் மதிப்பளித்தனர். அதற்கு முன்போ இரசிகர் வாக்கே முடிவு. 2003-இல், காயத்தால் பல ஆட்டங்களை இழந்திருந்த வின்ஸ் கார்ட்டரை அவர்கள் தெரிந்தெடுத்தனர். இறுதி ஆண்டு ஆடிய மைக்கேல் ஜோர்டன் மாற்று ஆட்டக்காரரானார். ஆட்டம் தொடங்குமுன் கார்ட்டர் தம் இடத்தை அவருக்கு விட்டுக்கொடுத்தார்.

இதைக் கூறியதும் மூத்தவன் தலைகுனிந்து, “எனக்கு எவரும் விட்டுக்கொடுக்கவில்லையே, அப்பா” என்றான்.

“மாற்று ஆட்டக்காரராகவே அமர்வதற்கும் ஜோர்டன் அன்று அட்லாண்டாவுக்கு வந்திருந்தாரே, மகனே!” என்றேன்.

மறுநாள் விடியலில், பரணில் கிடந்த பந்தை அவன் துடைத்துக்கொண்டிருந்தான்.